மனநல இல்லத்தில் தெரபிஸ்ட் என்ன செய்கிறார்? நாம் என்ன செய்யலாம்?

(உலக மனநல நாளையொட்டி நம் சங்கத்தின் அக்டோபர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்திமடலுக்காக எழுதிக் கொடுத்தது.)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். ஆண்டுக் கணக்கு வாசிக்கும்போதே பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடும் கூட்டம் இது. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சி பிளாக் தரைத்தள வீட்டை ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்குக் கேட்டிருக்கிறது என்று அதன் உரிமையாளர் போன மாதம் சங்கத்துக்குத் தெரிவித்தார். மனநல மறுவாழ்வு இல்லத்தில் சிகிச்சை பெற்றுத் தேறிய நான்கு பெண்களும், அவர்களுக்குத் துணையாக ஒரு உதவியாளர் அம்மாவும் குடிவருவார்கள். அன்று இரவு நம் வாட்ஸ்அப் குழு தூங்கவில்லை. "குழந்தைகள் விளையாடும் இடமாச்சே", "ராத்திரியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?", "வீட்டு விலை இறங்கிவிடும்" என்றெல்லாம் எழுதினீர்கள். ஜனவரி பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. அதற்கு முன், அந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள், அங்கே அவர்களுடன் என்ன வேலை நடந்திருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நான் மருத்துவனும் அல்ல, உளவியல் படித்தவனும் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் நான்கு ஆண்டுகள், வாரத்தில் இரண்டு நாள், இப்படிப்பட்ட ஒரு இல்லத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். என் மேசையும் அங்கிருந்த தெரபிஸ்டின் மேசையும் ஒரே அறையில் இருந்தன. அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். யாருடைய சொந்தக் கதையையும் சொல்ல மாட்டேன். வங்கியில் சேரும் அன்றே ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

யார் என்ன வேலை செய்கிறார்கள்?

நம்மில் பலருக்கும் இதில் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலில் முதுகலை முடித்து, அதன்மேல் இரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியுடன் எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். இவர் மருந்து எழுதுவதில்லை. பேச்சின் மூலமும் பயிற்சியின் மூலமும் சிகிச்சை தருபவர். இவர்களோடு மனநல சமூகப் பணியாளர், செவிலியர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரும் உண்டு. பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர்களைத்தான் பொதுவாகத் தெரபிஸ்ட் என்கிறோம். இல்லத்தில் இருப்பவர்களுக்கு அவர் "மேடம்". பார்க்க வரும் உறவினர்களுக்கோ எல்லாருமே "டாக்டர்"!

தெரபிஸ்ட் என்றால் சாய்வு நாற்காலி, மெல்லிய இசை, ஒரு மணி நேரப் பேச்சு என்று சினிமா நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்தில் நிலைமை வேறு. காலையில் வந்ததும் இரவு டியூட்டி செவிலியரின் குறிப்பைப் படிப்பார். யார் தூங்கவில்லை, யார் மாத்திரை வேண்டாம் என்றார், யார் சாப்பிடாமல் படுத்தார் என்று அதில் இருக்கும். பிறகு எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். இன்று என்ன தேதி, என்ன கிழமை, நான் இன்று என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நமக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். பல மாதம் நாள் கிழமை தெரியாமல் இருந்த ஒருவர் "இன்னைக்கு வியாழக்கிழமை, நான் வெங்காயம் நறுக்கப் போறேன்" என்று சொல்வது எத்தனை பெரிய காரியம் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

ஸ்கிசோஃப்ரினியா போன்ற நோய்களில் காதில் குரல் கேட்பதும் காரணமில்லாத சந்தேகமும்தான் வெளியாட்களின் கண்ணில் படும். மருந்து பெரும்பாலும் கட்டுப்படுத்துவதும் இவற்றைத்தான். ஆனால் எதிலும் ஆர்வமில்லாமல் போவது, குளிக்கத் தோன்றாமல் போவது, பேச்சு குறைந்துபோவது ஆகியவையும் அதே நோயின் கூறுகள். இவற்றுக்கு மருந்து அவ்வளவு சுலபமாக எட்டுவதில்லை. வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். தெரபிஸ்டின் வேலையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பல் தேய்ப்பது, போர்வையை மடிப்பது, கடைக்குப் போய் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வருவது என ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பழக்குவார்.

வங்கி வேலைகளைக் கற்றுத்தரச் சொல்லி என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். பணம் எடுக்கும் படிவம், பாஸ்புக், ஏ.டி.எம். என்று கொஞ்ச நாள் வகுப்பு எடுத்தேன். ஒருவர் ஒரு படிவத்தை நிரப்ப நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். தெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேனாவை வாங்கமாட்டார், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விரலால் காட்டவும் மாட்டார். கேட்டால் மட்டும் பதில் சொல்வார். "நாளைக்கு வெளியே போனா நான் கூட இருக்க மாட்டேனே சார்" என்பார். அந்தப் பொறுமைதான் அவருடைய தொழில் திறமை என்பது எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது.

வாதாடாமல் பேசுவது

அங்கே பார்த்த இன்னொரு விஷயம் நம் எல்லாருக்குமே பயன்படும். "சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் என்ன செய்வோம்? "சும்மா உளறாதே" என்று அதட்டுவோம். இல்லையென்றால், பிரச்சினை வேண்டாமே என்று "ஆமாம், ஆமாம்" என்போம். தெரபிஸ்ட் இரண்டையும் செய்யமாட்டார். "அப்படித் தோணும்போது ரொம்பப் பயமா இருக்குமே" என்பார். சந்தேகத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஆளைப் பொய்யர் ஆக்கவும் இல்லை. அவர் பேசுவது அந்தப் பயத்தோடு. பயம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.

இந்த வேலைக்குக் கறாரான எல்லைகளும் உண்டு. தன் சொந்த ஃபோன் நம்பரைத் தரக்கூடாது. பரிசு வாங்கக்கூடாது. கேட்டதை வெளியே பேசக்கூடாது. அவருக்கும் மூத்த நிபுணர் ஒருவர் மேற்பார்வை செய்வார். கடினமான நாள்களைப் பற்றி அவரிடம் பேசித்தான் இவர் மனதை இறக்கி வைக்க வேண்டும். மாலையில் ஒவ்வொருவருக்கும் அன்றைய குறிப்பை எழுதி முடித்த பிறகே கிளம்புவார். வங்கியில் டே-புக் டேலி ஆனால்தான் வீட்டுக்குப் போக முடியும். இங்கே பல நாள் டேலி ஆகாது. ஆகாததையும் அப்படியே எழுதி வைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் தொடங்குவார்கள்.

பணம் வருகிறது, ஆள் வரவில்லை

அங்கே என் மேசையில் இருந்தது வரவுப் பேரேடு. அதில் கண்டது ஒன்றை மட்டும் பெயரில்லாமல் சொல்ல விரும்புகிறேன்.

மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் பல குடும்பங்களிடமிருந்து கட்டணம் வங்கி வழியாக வந்துவிடும். ஒரு நாள்கூடத் தப்பாது. ஆனால் பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினால் அதே குடும்பங்களில் சிலருடைய கையெழுத்து வருடக்கணக்கில் இருக்காது. சிலருடைய ஃபோன் நம்பரே மாறியிருக்கும். சிகிச்சை முடிந்துவிட்டது, இவரை அழைத்துப் போகலாம் என்று மனநல மருத்துவர் எழுதிய பிறகும், "இன்னும் ஆறு மாசம் இருக்கட்டும் மேடம், இங்கே அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்களோ" என்பார்கள். இதைத் தெரபிஸ்டிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கல்நெஞ்சக்காரர்கள் பணமும் அனுப்பமாட்டார்கள். அவர்கள் பயந்தது நோய்க்கு அல்ல, அக்கம்பக்கத்துக்கு. அந்த அக்கம்பக்கம் யார்? நாம்தான்.

"நான் எப்போ வீட்டுக்குப் போவேன்?" என்பதுதான் அங்கே தெரபிஸ்டிடம் கேட்கப்படும் மிகக் கடினமான கேள்வி. பொய் சொல்லக்கூடாது, நம்பிக்கையையும் கெடுக்கக்கூடாது. பதில் அவர் கையில் இல்லை. அவர் மாதக்கணக்கில் ஒருவரைப் படிப்படியாகத் தயார்செய்து வாசல்வரை கொண்டுவந்து விடலாம். அந்தப் பக்கம் கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல, ஆராய்ச்சியில் கண்டது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். எந்த வீட்டில் ஓயாமல் குற்றம் சொல்வதும், வெறுப்பாகப் பேசுவதும், அளவுக்கு மீறித் தலையிடுவதும் இருந்ததோ, அந்த வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகமாக இருந்தது. இதற்கு எக்ஸ்பிரஸ்டு இமோஷன் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் 1980களில் சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது, நம் குடும்பங்களில் அந்தக் குற்றம் சொல்லும் போக்கு லண்டனைவிடக் குறைவாக இருந்தது தெரியவந்தது. நம் நாட்டில் நோயாளிகள் தேறி வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்டார்கள். இவையெல்லாம் குடும்பத்தைப் பற்றிய ஆய்வுகள்தான். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டினால் லிஃப்ட், மாடிப்படி, வாட்ச்மேன், நாம். சொல்லும் பார்வையும் நோயைத் திருப்பிக் கொண்டுவர முடியும் என்றால், நம் சொல்லுக்கும் பார்வைக்கும் அதில் பங்கு இருக்காதா?

நம் ஊர்க் கதை

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு, ஒரு தலைகுனிவும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794ல் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளாக ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதே மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன்தான் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு 1984ல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பதை இங்கே வேரூன்ற வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். வேலூர் சி.எம்.சி. 1957ல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி இருக்கும் முறையைக் கடைப்பிடித்தது. 1993ல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, நான்கைந்து பேராக வாடகை வீடுகளில் சாதாரணத் தெருக்களில் வாழ வைக்கும் திட்டத்தை 2015 முதல் நடத்திவருகிறது. ஆக, நம் சி பிளாக் கோரிக்கை புதுமையானது அல்ல. (கேட்டிருக்கும் நிறுவனம் வேறு.)

தலைகுனிவு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எல்லாருக்கும் எங்கோ ஒரு வீடு இருந்தது.

அதற்குப் பிறகு சட்டம் வெகுவாக மாறியிருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே மாதத்தில் அமலுக்கு வந்தது. சங்கிலி போடுவதை அது அடியோடு தடை செய்கிறது. அதன் 19வது பிரிவை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மனநோய் உள்ளவருக்குச் சமூகத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாது. ஆகவே சி பிளாக் விஷயத்தில் நாம் அவர்களுக்குத் தர்மம் செய்கிறோமா இல்லையா என்பது கேள்வியே இல்லை.

உங்கள் வீட்டுக்கே தேவைப்பட்டால்

2015-16ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மது முதலிய பழக்கக் கோளாறுகளும் இதில் சேரும். நம் குடியிருப்பில் பெரியவர்கள் 300 பேர் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி முப்பது பேருக்கு மேல் வருகிறது. தேசிய சராசரி நம் கட்டடத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனாலும், நாம் விவாதிப்பது எங்கிருந்தோ வரப்போகும் நான்கு பேரைப் பற்றி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை போதும். தங்கிச் சிகிச்சை தேவைப்பட்டால், இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

2. மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்? தெரபிஸ்டின் படிப்பு என்ன, அவர் எதில் பதிவு செய்திருக்கிறார்?

3. நோயாளி ஃபோன் பேசலாமா, பார்வையாளரைச் சந்திக்கலாமா? இவை சட்டப்படி உரிமைகள். கட்டாய மொட்டை, கட்டாயச் சீருடை இரண்டுக்கும் இடமில்லை.

4. குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்களா? "விட்டுவிட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று மட்டும் சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

5. எப்போது, எப்படி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்ற திட்டம் முதல் வாரத்திலிருந்தே இருக்கிறதா?

6. கட்டணத்துக்கு ரசீது உண்டா? மருத்துவக் காப்பீட்டில் மற்ற நோய்களுக்குத் தருவதுபோல மனநோய்க்கும் தரவேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ரசீதும் மருத்துவக் குறிப்புகளும் இல்லாமல் எதையும் கேட்க முடியாது. இது கணக்குப்பிள்ளையின் அனுபவம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஜனவரிக்கு முன்

இப்போது சி பிளாக்குக்கு வருகிறேன். உங்கள் பயத்தைக் கேலி செய்ய நான் இங்கே நிற்கவில்லை. குழந்தைகளை நினைத்துப் பயப்படுவது இயல்பு. மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்று இத்துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் நான் பார்த்ததும் அதற்கு மாறாக இல்லை. ஆனாலும் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகளைக் கேட்போம். இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? தெரபிஸ்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார்? பராமரிப்புக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு? இவற்றை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குவோம். மற்ற வாடகைதாரர்களிடம் கேட்கும் ஆவணங்களையே இவர்களிடமும் கேட்போம். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நம் துணைவிதிகளை வரி வரியாகப் படித்துவிட்டேன். நோயைக் காரணம் காட்டி வாடகைதாரரைத் தடுக்க அதில் இடம் இல்லை.

அவர்கள் வந்தால் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. லிஃப்டில் பார்த்தால் மற்றவர்களிடம் போலவே "சாப்டாச்சாம்மா?" என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன வியாதி, எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபோட்டோ எடுத்துக் குழுவில் போடாதீர்கள். வாட்ச்மேனிடம் தனி நோட்டுப் போட்டுக் கண்காணிக்கச் சொல்லாதீர்கள். யாராவது மனம் கலங்கி நின்றால் கூட்டம் கூடாமல், ஒரே ஒருவர் தாழ்ந்த குரலில் பேசி, உதவியாளர் அம்மாவைக் கூப்பிட்டால் போதும்.

கடைக்குப் போகவும், சில்லறை எண்ணவும், படிவம் நிரப்பவும் அவர்களுக்கு ஒரு தெரபிஸ்ட் பொறுமையாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார். அதையெல்லாம் செய்து பார்க்க அவர்களுக்கு ஒரு தெரு வேண்டும், நாலு பக்கத்து வீடு வேண்டும். ஜனவரியில் என் வாக்கு சம்மதம் என்பதுதான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குமுன் ஒரு மாலை என் வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.